பூவும் காயும் படமும்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுத் தோட்டத்தில் நீங்களே வளர்த்த பூவோ காயோ, உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு படத்தை இரண்டு வரிக் குறிப்போடு அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். படங்கள் வந்தன, இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. கூடவே கேள்விகளும். பல கடிதங்கள் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: "என் படம் அனுப்பும் அளவுக்கு நன்றாக இருக்கிறதா தெரியவில்லை..." அதைப் படிக்கப் படிக்க எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் கேள்விகளுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் செம்பருத்தி நேரில் அவ்வளவு அழகு. படத்தில் பார்த்தால் சிவப்பு மை கொட்டியது மாதிரி இருக்கிறது. இதழின் மடிப்பு, நரம்பு எதுவுமே தெரிவதில்லை. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் உண்டு. வழக்கமான படக்கோப்பில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும், அதற்கு மேல் இடமில்லை. இப்போது உங்கள் செடியை நினைத்துப் பாருங்கள், சுற்றிலும் கரும்பச்சை இலை, நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பூ. மொத்தக் காட்சியும் இருட்டாக இருக்கிறது என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. அப்படிக் கூட்டும்போது பூவின் சிவப்பு மட்டும் 255ஐத் தொட்டு முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. இதழின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே எண் பதிவானால் மடிப்பு எங்கிருந்து தெரியும்?

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். போன் திரையில் பூவின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள். பல போன்களில் சூரியன் மாதிரி ஒரு குறி பக்கத்தில் தோன்றும். அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். இதழின் நரம்பு தெரிகிற வரை குறையுங்கள். இலைகள் கொஞ்சம் இருண்டுபோகும், போகட்டும், அந்த இருட்டில் பூ இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். நேர் வெயிலைத் தவிர்த்து, மேகம் மூடிய நேரத்திலோ சுவரின் நிழலிலோ எடுத்தால் பாதிப் பிரச்சினை தானாகவே போய்விடும். பழுத்த மிளகாய், தக்காளி, ஆரஞ்சு நிறச் சாமந்தி எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். மல்லிகைக்கும் இதுவேதான், அங்கே மூன்று அளவுகளும் சேர்ந்து உச்சியில் முட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: இதற்கெல்லாம் பெரிய கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கையில் இருக்கும் போனின் லென்ஸை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். வந்த படங்களில் மங்கலாக இருந்த பலவற்றுக்குக் காரணம் லென்ஸில் படிந்த விரல் ரேகைதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்ப மாலையாகிவிடுகிறது. நான் போய்ப் பார்க்கும்போது பூசணிப் பூ எப்போதும் சுருங்கியே கிடக்கிறது. விடுமுறை நாளில் மதியம் பார்த்தாலும் அப்படித்தான். எந்த நேரத்தில் எடுத்தால் நல்லது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. பூசணிப் பூ விடியலை ஒட்டி விரியும், நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும், பிறகு திறக்கவே திறக்காது. அதன் வாழ்க்கையே ஒரு காலைப்பொழுதுதான். பாகலும் அதிகாலைப் பூ. வெண்டைப் பூவும் காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும். வெளிர் மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு, காய்கறித் தோட்டத்தில் இதைவிட அழகான பூ வேறு இல்லை என்பது என் கட்சி. டேபிள் ரோஸ் என்று நாம் சொல்லும் பத்துமணிப்பூ வெயில் ஏறினால்தான் வாய் திறக்கும், மப்பும் மந்தாரமுமான நாளில் சரியாக விரியாது.

மாலையில் வருகிற உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். அந்தி சாயும் நேரத்தில் அந்த மஞ்சளைப் பார்த்தால் விளக்கேற்றி வைத்தது போல இருக்கும். (நுரைப்பீர்க்கு வேறு, அது காலையில் பூக்கும்.) சுரைக்கொடி இருந்தால் இன்னும் நல்லது, வெள்ளை வெளேரென்ற பூ இருட்டத் தொடங்கும்போது மலரும், அந்துப்பூச்சிகள் தேடி வரும். அந்திமந்தாரை பெயரிலேயே நேரத்தை வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் புடலம்பூ. இரவில்தான் முழுதாக விரியும், இதழின் ஓரமெல்லாம் நூல் பிரித்து விட்டது போல வெள்ளைச் சரிகை. புடலை வளர்க்கிறவர்களிலேயே பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் காலையில் போய்ப் பார்க்கும்போது அது கசங்கிக் கிடக்கும். ஃபிளாஷ் போடாதீர்கள், சரிகை முழுவதும் வெளுத்துத் தட்டையாகிவிடும். இன்னொருவரைக் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி, போனை எதன் மீதாவது அசையாமல் சாய்த்து வைத்து எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் முதல் ஆளாக எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பூச்செடியே கிடையாது. கத்தரி, முள்ளங்கி, அவரை, இவ்வளவுதான். ரோஜாப் படங்களுக்கு நடுவில் ஒரு முள்ளங்கிப் படம் எடுபடுமா?

பதில்: சார்லஸ் ஜோன்ஸ் என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். இங்கிலாந்தில் 1866இல் பிறந்தவர், பெரிய வீடுகளின் தோட்டங்களில் வேலை பார்த்தவர். தான் விளைவித்த வெங்காயம், அவரை, முட்டைக்கோஸ், பேரிக்காய், டூலிப் என்று ஒவ்வொன்றாக எடுத்துவந்து, பின்னால் வெற்றுத் திரை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் படமெடுத்தார். படத்தின் பின்புறம் அந்தச் செடியின் பெயரை எழுதி வைத்தார். யாருக்காக எடுத்தார் என்பதற்கு அவர் குறிப்பு எதையும் விட்டுச் செல்லவில்லை. 1959இல் அவர் இறந்தபோது அவரை ஒரு புகைப்படக் கலைஞராக உலகத்துக்குத் தெரியாது. 1981இல் லண்டன் பெர்மாண்ட்சி பழம்பொருள் சந்தையில் ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது, உள்ளே நூற்றுக்கணக்கில் அவருடைய படங்கள். அதன் பிறகுதான் அந்தக் காய்கறிகளை உலகம் பார்த்தது. கடைசிக் காலத்தில் கண்ணாடி நெகட்டிவ்களை இளஞ்செடிகளுக்குக் குளிர் படாமல் மூடி வைக்கப் பயன்படுத்தினார் என்று அவர் குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இதை முதலில் படித்த நாளில் எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இன்னொருவர் அமெரிக்காவின் எட்வர்ட் வெஸ்டன். 1930இல் ஒரே ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படமெடுத்தார். வளைந்து முறுக்கிய ஒரு காய், அதன் மேல் வழுக்கிச் செல்லும் வெளிச்சம், அவ்வளவுதான் படத்தில் இருக்கிறது. புகைப்பட வரலாற்றில் அந்த மிளகாய்க்கு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. சமமாக வளர்ந்த நேரான காயை அவர் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்குமா?

முள்ளங்கிக்கு வருகிறேன். கழுவுவதற்கு முன் ஒரு படம், கழுவிய பின் ஒரு படம் எடுங்கள். மண் ஒட்டிய வேரின் மயிரிழைகளை விடாதீர்கள். சன்னலோரம் ஒரு பழைய துணியை விரித்து, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுகிற மாதிரி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத்தாளை நிறுத்தினால் நிழல் கொஞ்சம் இளகும். கத்தரிக்காயின் பளபளப்பில் சன்னல் முழுவதும் பிரதிபலிக்கும், காயை லேசாகத் திருப்பித் திருப்பி அந்த வெள்ளைக்கோடு காயின் வளைவோடு ஓடுகிற இடம் வந்ததும் எடுங்கள்.

கேள்வி: என் தக்காளி வெடித்திருக்கிறது, இலைகளில் பூச்சி ஓட்டை. இதை அனுப்பினால் சிரிப்பார்களா?

பதில்: யாரும் சிரிக்க மாட்டார்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகு திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் உள்சதை தோலைவிட வேகமாகப் பருத்துவிடும், தோல் தாங்காமல் வெடிக்கும். தக்காளி வளர்க்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கிறது. அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் பக்கத்தில் இருப்பவர் "ஓ, என் செடிக்கும் இதுதானா" என்று தெரிந்துகொள்வார். என்னைக் கேட்டால், பத்து பளபளப்பான படங்களுக்கு நடுவில் இப்படி ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

பூச்சி என்னவென்று கேட்டு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலையின் மேற்புறத்தை மட்டும் எடுத்து அனுப்பினால் பாதிக் கதைதான் தெரியும். அசுவினி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் எல்லாம் பெரும்பாலும் இலைக்கு அடியில்தான் குடியிருக்கும். மூன்று படங்கள் எடுங்கள்: முழுச்செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம். அடிப்புறப் படத்தில் விரல்நுனியோ பென்சிலோ தெரிந்தால் அளவு புரியும்.

கேள்வி: எங்கள் பூசணிக்கொடி முழுக்கப் பூ. ஒரு காய்கூட நிற்கவில்லை. ஆறு படங்கள் இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: நீங்கள் பக்கவாட்டிலிருந்து எடுத்ததால் உடனே தெரிந்துவிட்டது. ஆறு பூவுக்கும் அடியில் மெலிந்த நீளக் காம்புதான் இருக்கிறது, எல்லாம் ஆண் பூ. பெண் பூவாக இருந்தால் இதழுக்குக் கீழேயே குட்டிப் பூசணி மாதிரி ஒரு உருண்டைப் பிஞ்சு தெரியும். கொடியில் முதலில் ஆண் பூக்கள் வருவது வழக்கம்தான், பொறுத்திருங்கள். பெண் பூ வந்த அன்று காலையில், அன்றே விரிந்த ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். தேனீ வராத இடத்தில் இது பெரிய உதவி. சில நாட்களில் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் தினமும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். பெண் பூவிலிருந்து முழுக்காய் வரை அந்த வரிசையைத்தான் உங்கள் பிடித்த படமாக நான் எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: கிட்டே போனால் படம் மங்குகிறது. கத்தரிப்பூவுக்குள் இருக்கும் மஞ்சளை எடுக்கவே முடியவில்லை.

பதில்: ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குறைந்தபட்சத் தூரம் இருக்கிறது, அதைத் தாண்டி நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது. சற்றுப் பின்வாங்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள், அல்லது எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். மிக அருகிலிருந்து எடுப்பதற்கான மேக்ரோ வசதி போனில் இருந்தால் அதைப் போடுங்கள். காற்றுதான் பெரிய எதிரி, செடியை ஒரு குச்சியோடு துணிக் கிளிப்பால் பிடித்து வையுங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் பத்துப் பன்னிரண்டு எடுங்கள், ஒன்றாவது அமையும்.

கத்தரிப்பூவின் அந்த மஞ்சள் குழாய்களைக் கட்டாயம் எடுங்கள். அவற்றின் நுனியில் சின்னஞ்சிறு துளைகள் இருக்கும், மகரந்தம் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே கொட்டும். சில வகைத் தேனீக்கள் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்த்துக்கொள்ளும், அருகில் நின்றால் அந்த ரீங்காரம் காதில் விழும். கொடிகளின் பற்றுக்கம்பிகளையும் மறந்துவிடாதீர்கள். ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் தன் மாணவர்களுக்கு வடிவங்களைக் கற்றுக்கொடுப்பதற்காக மொட்டு, தண்டு, பூசணியின் பற்றுக்கம்பி எல்லாவற்றையும் பல மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தவர். இரும்புக் கம்பியில் செய்த சித்திரவேலை மாதிரி இருக்கும்.

கேள்வி: சங்குப்பூ நீலமாக இருக்கிறது, படத்தில் ஊதாவாக வருகிறது.

பதில்: நீலப் பூக்களோடு இந்தச் சண்டை பழையது. பல நீலப் பூக்கள் நம் கண்ணுக்கு மிக மங்கலாகவே தெரிகிற, வானவில்லின் ஓரத்துக் கடைசிச் சிவப்பையும் நிறையத் திருப்பி அனுப்புகின்றன. அது ஃபிலிமில் பதிவாகி நீலம் சிவந்துவிடும் என்று ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்களே அலுத்துக்கொண்டார்கள். இப்போதைய கேமராக்கள் இதைப் பெருமளவு வடிகட்டினாலும் முழுவதும் தப்புவதில்லை. மாலை வெயிலைத் தவிர்த்து நிழலில் எடுங்கள். அப்படியும் சரியாக வராவிட்டால் திருத்தும்போது சிவப்பை லேசாகக் குறைத்து, செடியின் பக்கத்திலேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் படத்தைத் திருத்தலாமா? தண்ணீர் தெளித்து எடுக்கலாமா?

பதில்: நீங்கள் பார்த்ததற்குப் பக்கத்தில் படத்தைக் கொண்டுவரத் திருத்தினால் சரி. வெளிறிய இலையைக் கரும்பச்சையாக்கி அனுப்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த வெளிறல் ஒரு செய்தி. தண்ணீர் தெளியுங்கள், தப்பில்லை, "அதிகாலைப் பனித்துளி" என்று மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: அம்மா நட்ட ரோஜா. அம்மாவும் இல்லை, செடியும் பட்டுப்போய்விட்டது. இருக்கிற ஒரே படத்தில் பூ ஓரமாக, தெளிவில்லாமல் இருக்கிறது. நடுவில் அம்மா தண்ணீர்க் குவளையோடு நிற்கிறார். இது தோட்டப் படமாகுமா?

பதில்: ஆகும். இந்த முறை வந்த கடிதங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்களுடையதுதான். படத்தை வெட்ட வேண்டாம், கூர்மையாக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். காகிதப் படமாக இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள், அது முடியாவிட்டால் சன்னல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, மேலிருந்து நேராக, ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள். பின்புறம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுத்து அனுப்புங்கள். ரோஜாவின் நிறம் என்ன, மணம் இருந்ததா, அம்மா அதை எங்கிருந்து கொண்டுவந்தார், நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். இரண்டு வரி என்ற விதி உங்களுக்கு இல்லை.

மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். நாம் பூவை எடுக்கிறோம், வளர்த்தவரை எடுப்பதே இல்லை. களை பிடுங்குகிற கை, கூடையைத் தூக்கி வருகிற குழந்தை, முதுகு வளைந்து பிஞ்சைத் தேடுகிற அப்பா, அவர்களும் படத்தில் இருக்கட்டும்.

கேள்வி: படத்தைப் பகிர்வதில் ஏதாவது ஆபத்து இருக்கிறதா?

பதில்: ஒன்று இருக்கிறது. கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு படக்கோப்புக்குள்ளேயே பதிவாகும். வீட்டுத் தோட்டம் என்றால் அது உங்கள் வீடு. கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள், ஏற்கெனவே எடுத்தவற்றில் அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள். வீட்டு எண், வண்டி எண் பின்னால் தெரிகிறதா என்றும் பாருங்கள். குழந்தைகள் இருந்தால் முகம் தெரியாமல் கை மட்டும் தெரிந்தாலே அழகுதான். அப்புறம், செயலி வழியாகச் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வரும், அச்சுக்குப் போதாது. கோப்பாக இணைத்து அனுப்புங்கள், ஆனால் அப்படி அனுப்பும்போது இருப்பிடக் குறிப்பும் கூடவே வரலாம் என்பதால் மேலே சொன்னதை முதலில் செய்துவிடுங்கள்.

கேள்வி: நான் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். எல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது. எதைப் படமெடுப்பது?

பதில்: முதலில் பூவை எடுங்கள். வெள்ளையிலும் ஊதாவிலும் நட்சத்திரம் மாதிரி பூக்கும், கத்தரிப்பூவின் தங்கை என்று பார்த்தவுடன் தெரியும். சில சமயம் பூ உதிர்ந்த இடத்தில் குட்டித் தக்காளி போலப் பச்சைக் காய்கள் வரும், அவையும் படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் நச்சுக்காய், குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தோண்டுகிற நாள். மண்ணைப் புரட்டி முதல் கிழங்கு தலைகாட்டுகிற அந்த நொடிக்கு ஒருவர் தோண்ட, ஒருவர் படமெடுக்க வேண்டும்.

உருளைக்கிழங்குக்கும் வண்ணப் படத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் 1907இல் ஆட்டோகுரோம் என்ற வண்ணப்படத் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நடைமுறையில் பரவலாக வெற்றி பெற்ற முதல் வண்ணப்பட முறை அதுதான். உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பு, பச்சை, நீல ஊதா என்று சாயமேற்றி, மூன்றையும் கலந்து கண்ணாடித் தகட்டில் ஒரே படலமாகப் பரப்பினார்கள். வெளிச்சம் அந்தத் துகள்களுக்குள் புகுந்து போய்த்தான் படம் பதிந்தது. அந்தத் தகடுகளில் எடுத்த தோட்டப் படங்கள் நிறையவே இன்றும் இருக்கின்றன. அவற்றில் உள்ள ஒவ்வொரு பூவின் நிறமும் கிழங்கு மாவு வழியாக வந்த நிறம். உங்கள் கிழங்குகளைத் தோண்டியதும் கழுவாமல் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் பக்கத்தின் தலைப்பில் போடுகிறேன்.